நிலாவின் வழக்குரை

தமிழ்ச் சங்க மலர்களில் இலக்கியக் கட்டுரை என்றால் சங்கப் பாடலும் சிலம்பும் கம்பனும் பேசப்படுவதே வழக்கம். அவ்வழக்கத்தை யாம் மீற வரவில்லை. அந்நூல்கள் தந்த கண்ணைக் கொண்டே, அந்நூல்களைக் கற்றோர் ஏறெடுத்தும் பாராத ஒரு பக்கத்தைப் பார்க்க வந்துள்ளோம். அஃது அறிவியல் புனைகதை. அதிலும், நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து நம் பிள்ளைகளை ஈர்த்து வைத்திருக்கும் தொலைக்காட்சி அறிவியல் தொடர்.

விண்கலமும் எந்திர மனிதனும் வரும் கதையில் காதலுக்கு என்ன வேலை என்று கேட்பார் ஒரு சாரார். காதலைப் பாடிய தமிழுக்கு விண்கலத்தோடு என்ன உறவு என்று கேட்பார் மற்றொரு சாரார். முன்னவர் தம்மை அறிவியலின் காவலராகவும், பின்னவர் தம்மைத் தமிழின் காவலராகவும் எண்ணிக்கொண்டிருப்பவர். இவ்விரு காவலரும் சேர்ந்து ஒரு பெண்ணை வாயிலிலேயே நிறுத்திவிட்டனர். அவள் பெயர் நிலா. அவள் பொருட்டு வழக்குரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் இந்த நிலா?

மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை எழுதினார். அது பின்னர்த் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. மீன்முள் போன்ற ஆன்டெனாவைக் கொடைக்கானல் கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்பித் திருப்பிக் களைத்த மலைக்குடும்பங்களுக்கு, திரையில் தமிழ் கேட்பதே ஒரு விழாவாக இருந்த காலம் அது. அக்காலத்தில் தமிழ் பேசி வந்த எதிர்காலம் அது என்பதாலேயே அதனிடம் நமக்கு உரிமையும் உண்டு. அவ்வுரிமையால் எழும் வருத்தமும் உண்டு.

கதை நிகழும் காலம், அன்று எதிர்காலமாக இருந்து இன்று நம் காலமாகிவிட்ட 2020-கள். நாட்டை ஜீவா என்னும் தனியாட்சியாளன் ஆள்கிறான். மக்களின் பெயர் முதல் பிள்ளைப்பேறு வரை யாவும் அரசின் கணக்கிற்கு உட்பட்டவை. நிலாவும் சிபியும் கணவன் மனைவியர். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் இசைவு கிடைத்த மகிழ்ச்சியில் கதை தொடங்குகிறது. அம்மகிழ்ச்சி அடங்குமுன்னரே சிபி காணாமற் போகிறான். அவள் தனித்திருக்கும் வீட்டிற்கு ரவி என்னும் அயலான் ஒருவன், ஜீனோ என்னும் எந்திர நாயோடு வந்து சேர்கிறான். அங்கிருந்து கதை விரைகிறது. ஜீவாவை வீழ்த்தச் சதி நடக்கிறது; மனோ என்பவன் ரவிக்குத் துணை நிற்கிறான்; ஜீனோ அறிவால் வளர்ந்து வளர்ந்து மனிதரையும் மிஞ்சுகிறது. நிலாவோ பெயரளவில் அரசியாகி, உண்மை அதிகாரம் பிறர் கையில் இருக்கக் காண்கிறாள்.

இக்கதையின் ஆற்றலை யாம் மறுக்கவில்லை. வாரந்தோறும் வாசகரை அடுத்த இதழுக்காக ஏங்க வைத்த எழுத்து அது. ஜீனோவை விரும்பாத தமிழ்ப் பிள்ளை உண்டோ? எமக்கும் அது விருப்பமான நாயே. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கதை தொடங்குவது எதனால்? ஒரு பெண்ணின் கணவன் காணாமற் போனதனால். அவள் அவனை நேசித்ததனால் தேடுகிறாள்; தேடியதனால் ஆட்சியின் முகத்திரை கிழிகிறது. காதல் இல்லையேல் கதையே இல்லை. அத்தகைய காதலுக்குக் கதையில் கிடைத்த இடம் எவ்வளவு? மாட்டுவண்டியை மேட்டில் ஏற்றித் தள்ளிவிட்ட கையை, வண்டி ஓடத் தொடங்கியதும் மறந்துவிடுவதைப் போல, நிலாவின் நெஞ்சம் கதையை ஓட்டிவிட்டுப் பின்தங்கிவிடுகிறது.

பெயர்களே சான்று பகர்கின்றன. 'என் இனிய' என்னும் அழைப்பு, காதலி காதலனுக்கோ காதலன் காதலிக்கோ உரியது. இங்கே அது எந்திரத்திற்குச் சூட்டப்பட்டது. தொடர்ந்து வந்த இரண்டாம் கதைக்கும் 'மீண்டும் ஜீனோ' என்றே பெயர். மீண்டும் வரவேண்டியவன் சிபி அன்றோ? மீண்டும் நகைக்க வேண்டியவள் நிலா அன்றோ? எந்திரத்திற்கு இனிமை கொடுத்தவர்கள், ஏங்கிய பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே எம் வழக்கு.

மேடை அமைந்தது, பாட்டு எழவில்லை

அகத்திணை அறிந்தவர் சற்றே நின்று இக்கதையை நோக்குக. தலைவி ஒருத்தி இருக்கிறாள். தலைவன் பிரிந்திருக்கிறான். பிரிவுக்குக் காரணம் பொருளும் அன்று, போரும் அன்று, கல்வியும் அன்று, தூதும் அன்று, அரசின் கணக்கேடு. தொல்காப்பியர் வகுத்த பிரிவுகளோடு புதியதொரு பிரிவு சேர்கிறது. வீட்டில் அயலான் ஒருவன் நுழைந்திருக்கிறான். ஊரார் கண்ணுக்குப் பதில் ஆட்சியின் கண் எங்கும் விழித்திருக்கிறது. பழைய அலர் புதிய உருக்கொண்டு வந்ததை இதனினும் தெளிவாகக் காட்ட முடியுமா?

தோழியும் இருக்கிறாள். வியப்படைய வேண்டா, ஜீனோவே அத்தோழி. அகப்பாடல்களில் தலைவி தோழியிடம் பேசுவாள். தோழி இல்லாத நேரத்தில் நண்டிடமும் நாரையிடமும் திங்களிடமும் தன் நெஞ்சிடமும் பேசுவாள். மறுமொழி கூறாதவற்றிடம் பேசுவதே அவள் துயரின் ஆழம். நிலாவுக்கோ மறுமொழி கூறும் நாய் கிடைத்தது. நூல் பல கற்கும் நாய். ஆனால் பிரிவென்றால் என்னவென்று அறியாத நாய். காதலை அறியாத அறிவிடம் ஒரு பெண் தன் காதலைச் சொல்லிப் புரியவைக்க முயல்வது எத்தகைய காட்சி! கேட்கக் கேட்க அவ்வெந்திரத்தினுள் ஏதோ ஒன்று அசைவது எத்தகைய காட்சி! சங்கப் புலவர் எவருக்கும் கிட்டாத வாய்ப்பு அது. நம் சின்னத்திரைக்குக் கிட்டியது. நழுவவிட்டோம்.

பெயர்களையும் பாருங்கள். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ: எல்லாம் ஈரெழுத்துப் பெயர்கள். அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தமிழ் மரபு. பெயர் இல்லாமையால் அங்கே ஒருத்தியின் காதல் எல்லோருடைய காதலும் ஆகிறது. ஜீவாவின் நாட்டிலும் பெயர் குறைக்கப்படுகிறது; ஆனால் அங்கே மனிதர் வெறும் கணக்குகளாகிப் போகின்றனர். பெயர் குறைதல் என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் உயிரை விரிக்கிறது. மற்றோரிடத்தில் உயிரைச் சுருக்குகிறது. இந்த வேறுபாட்டை உணர்த்த நிலாவின் வாயிலிருந்து நான்கு சொற்கள் வந்திருந்தாலே போதும்.

அரசியல் கதையில் காதல் எதற்கு?

"ஆசிரியர் எழுத விரும்பியது சர்வாதிகாரத்தைப் பற்றி, காதலைப் பற்றியன்று. மாமரத்தில் பலாப்பழம் கேட்கலாமா?" என்பர் சிலர். நியாயம் போலத் தோன்றும் வாதம்; ஆயினும் நில்லாது. சர்வாதிகாரம் முதலில் கை வைப்பது எங்கே? வீட்டினுள். பிள்ளை பெற இசைவுச்சீட்டு வேண்டும் என்னும் நாட்டில், கணவனுக்காக அழுவதே ஆட்சிக்கு எதிரான முதற் குரல். அந்நாட்டில் காதல் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துக் கூற இயலாது.

உலக இலக்கியம் இதை முன்பே கண்டுகொண்டது. உருசிய எழுத்தாளர் சம்யாத்தின் எழுதிய 'நாங்கள்' என்னும் நாவலில் மனிதர்க்குப் பெயர் இல்லை, எண்கள் மட்டுமே. அங்கே ஓர் எண் மற்றோர் எண்ணை நேசிக்கத் தொடங்கியதும் ஒழுங்கெல்லாம் ஆட்டங்காண்கிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' என்னும் நாவலில் வின்ஸ்டனும் ஜூலியாவும் கொண்ட காதலே ஆட்சியை எதிர்க்கும் செயலாகிறது. ஆட்சி அவர்களை வென்றுவிட்டது என்பதற்கு ஆர்வெல் காட்டும் இறுதிச் சான்றும், ஒருவரையொருவர் அவர்கள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பதே. அரசியல் கதையின் அச்சாணி அங்கே காதல். அச்சாணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர் ஓட்ட முற்பட்டவர் நாமே.

இன்னொன்றும் உண்டு. ஜீவா என்னும் அந்த ஆட்சியாளன் உடம்போடு கூடிய மனிதன் அல்லன், ஒளியாலான பிம்பம் என்பது கதையில் வெளிப்படும் மறைபொருள். ஒரு நாடே வெறும் ஒளிக்கு அஞ்சி வணங்கியிருக்கிறது! உடம்பில்லாத ஆட்சிக்கு எதிரே, உடம்பும் சூடும் நினைவும் கொண்ட ஒருவனுக்காக ஏங்கும் பெண்ணை நிறுத்தினால், ஆசிரியர் சொல்ல வந்த அரசியலே இன்னும் கூர்மை பெற்றிருக்கும். காதலைக் கூட்டச் சொல்வது கதையின் அரசியலைக் குறைக்கச் சொல்வதாகாது. அவ்வரசியலை நிறைவு செய்யச் சொல்வதாகும்.

கடல் கடந்த திரைகள் கற்ற பாடம்

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத் தொலைக்காட்சியும் நெடுங்காலம் இதே தடத்தில் சென்றது. பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகன் காலத்தையும் வெளியையும் கடந்து திரிபவன். 1989 வரை நீண்ட அப்பழைய தொடரில், உடன் பயணம் செய்த பெண்கள் பலர். ஆயினும் நாயகனின் நெஞ்சம் பூட்டிய அறையாகவே வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஸ்போக், உணர்ச்சியை அடக்குவதையே அறமாகக் கொண்ட இனத்தில் ஒரு பாதியும் மனித இனத்தில் மறுபாதியுமாகப் பிறந்தவன். அவன் நெஞ்சில் நடக்கும் போரைக் காண மக்கள் தவித்தனர். எழுதியவர்களோ எப்போதாவதுதான் அக்கதவைத் திறந்தனர்.

பின்னர் அவர்கள் கற்றுக்கொண்டனர். 1992-இல் ஒளிபரப்பான ஒரு ஸ்டார் டிரெக் கதையில், பிக்கார்டு என்னும் கலத்தலைவன் மயங்கி விழுகிறான். வெளியே கழிவது ஏறத்தாழ 25 நிமிடம். உள்ளேயோ, என்றோ அழிந்துபோன ஒரு கோளில், மனைவியும் மக்களும் பேரனும் சூழ ஒரு முழு வாழ்வு வாழ்ந்து முதுமை அடைகிறான். விழித்தெழும்போது அவ்வாழ்விலிருந்து அவனிடம் எஞ்சுவது ஒரு குழல். அதனை வாசிக்கவும் அவனுக்குத் தெரிகிறது. சண்டை இல்லை; வெடிப்பு இல்லை. அழிந்த ஊரின் மனைவிக்காகக் குழலூதும் ஒருவன். அத்தொடரின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாக அதனை இன்றளவும் போற்றுகின்றனர்.

'டாக்டர் ஹூ' தொடரும் 2005-இல் மீண்டும் தொடங்கியபோது பூட்டிய அறையைத் திறந்தது. 2006-இல் வந்த ஒரு கதையில் நாயகனும் ரோஸ் என்னும் பெண்ணும் இருவேறு அண்டங்களில் பிரிந்து அகப்பட்டுக்கொள்கின்றனர். விடைபெறுவதற்காக அவன் ஒரு சூரியனின் ஆற்றலையே எரித்துத் தன் ஒளியுருவை ஒரு கடற்கரைக்கு அனுப்புகிறான். அவள் தன் காதலைச் சொல்லிவிடுகிறாள். அவன் சொல்லத் தொடங்கிய சொல் முடியுமுன் ஒளி அணைந்துவிடுகிறது. ஜீவாவின் ஒளிப்பிம்பம் ஆள்வதற்குப் பயன்பட்டது. இந்த ஒளிப்பிம்பம் அழுவதற்குப் பயன்பட்டது. கருவி ஒன்றே, கண்ட நெஞ்சம் வேறு.

இவற்றைப் பார்த்து மயங்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. கடற்கரையில் நின்று பிரிந்தவனுக்காக இரங்கும் பெண்ணை நெய்தல் என்று பெயரிட்டு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பாடியவர் நாம். நம் வீட்டுப் பொருளை அயலார் தம் கடையில் வைத்து விற்க, நாம் விலை கேட்டு நிற்கிறோம் என்பதே எம் வருத்தம்.

குறிஞ்சியும் பாலையும் நம் வாயிலில்

இவ்வழக்கை உரைக்க எல்லைப்புறத்துத் தமிழர்க்குத் தனியுரிமை உண்டு என்று கருதுகிறோம். காரணம் கூறுவோம்.

இடுக்கியின் இரவிகுளத்திலும் வட்டவடையிலும் வாழ்பவர், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவு நீலமாக மாறுவதைக் கண்ணால் கண்டவர். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, மீண்டும் 2030-இல் பூக்கும். அக்குறிஞ்சியே புணர்தல் என்னும் ஒழுக்கத்திற்குப் பெயர் கொடுத்த பூ. பாலக்காட்டிலோ மலைத்தொடர் அறுபட்டுக் கணவாயாகிறது. அவ்வழியே வெப்பக்காற்று வீசுகிறது. பாலைமரம் நிறைந்த காடு ஆதலின் அவ்வூர்க்கு அப்பெயர் வந்தது என்பாரும் உளர். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலை ஆகும் என்று இளங்கோவடிகள் உணர்த்தினார். ஒரு மாநிலத்தின் இரு ஓரங்களில், புணர்தலின் நிலத்தையும் பிரிதலின் நிலத்தையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாழ்பவர் நாம்.

நிலம் மட்டுமா? வாழ்வும் அவ்வாறே. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துவந்த நம் முன்னோர், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் சமவெளியில் விட்டு மலையேறியவர். 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளம் ஆயின. அன்றிரவு தம் வீட்டில் உறங்கியவர் மறுநாள் காலை, ஓரடியும் நகராமலே, வேறொரு மாநிலத்தில் கண்விழித்தனர். இணை அண்டம் என்று அறிவியல் கதைகள் கூறுவதை நாம் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

2020-ஐ எண்ணிப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வாளையாறும் குமுளியும் அடைபட்டன. இசைவுச்சீட்டு இன்றி எவரும் கடக்க இயலாது. நோயைத் தடுக்க அது வேண்டியிருந்தது. அதனை யாம் பழிக்கவில்லை. ஆனால் கணவன் அப்பாலும் மனைவி இப்பாலுமாக, கைப்பேசித் திரையில் முகம் பார்த்துக் குழந்தைக்குப் பெயர் சொன்ன குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சுஜாதா எதிர்காலமாக எண்ணிய அதே 2020-கள்! இசைவுச்சீட்டு இருந்தது, பிரிவு இருந்தது, ஒளித்திரை இருந்தது. எந்திர நாய் மட்டும் வரவில்லை. கதை எதனைச் சிறிதாக எண்ணி ஒதுக்கியதோ அதுவே பெரிதாக வந்து நின்றது. அந்நாள்களில் நமக்குத் துணையாகியிருக்க வேண்டியவள் நிலா. அவள் என்ன நினைத்தாள், எப்படி இரவைக் கழித்தாள், எதனைப் பற்றிக்கொண்டு உடையாமல் நின்றாள் என்று எழுதப்பட்டிருந்தால், அவள் துயரில் நம் துயரைக் கண்டிருப்போம். எழுதப்படாமையால் அவள் நமக்கு உதவ வரவில்லை.

அறிவியல் தரும் புதிய பாலை

"பிரிவைப் பாடப் பழைய பாட்டே போதுமே, அறிவியல் எதற்கு?" என்று தமிழ்க் காவலர் கேட்கலாம். போதாது. அறிவியல், முன்னோர் அறியாத பிரிவுகளை நமக்குக் காட்டியிருக்கிறது.

ஐன்ஸ்டைன் 1905-இல் வெளியிட்ட கொள்கையின்படி, மிகு வேகத்தில் செல்பவனுக்குக் காலம் மெல்லக் கழிகிறது. ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 97 பங்கு வேகத்தோடு ஒருவன் விண்ணில் சென்று திரும்புவானாயின், இங்கே 12 ஆண்டுகள் கழியும்போது அவனுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளே கழிந்திருக்கும். குறிஞ்சி பூத்த நாளில் பிரிந்து, மறுமுறை குறிஞ்சி பூக்கும் நாளில் திரும்புகிறான் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். அவள் 12 ஆண்டு காத்திருந்தவள். அவன் 3 ஆண்டு பிரிந்திருந்தவன். இருவர் பிரிவும் ஒன்றா? யார் அதிகம் பிரிந்தவர்? அவள் நரையைப் பார்த்து அவன் என்ன சொல்வான்? சுவரில் கோடிட்டு நாள் எண்ணிய சங்கத் தலைவி இக்கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியவள் நம் காலத்துத் தலைவி.

செவ்வாய்க் கோளுக்குச் செய்தி செல்ல, கோள்களின் நிலைக்கேற்ப 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். "நலமா?" என்று கேட்டு, "நலம்" என்னும் மறுமொழி கேட்க முக்கால் மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஊடலை எப்படி நிகழ்த்துவது? சினந்து சொன்ன சொல் போய்ச் சேருமுன் சினம் ஆறிவிட்டால், அச்சொல்லை எவ்வாறு திரும்ப அழைப்பது? மருதத்திற்கு இதனினும் புதிய களம் வேண்டுமா? கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருந்த தோட்டத்து லயத்துப் பாட்டிமார்க்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் பட்டது, நாளை விண்வெளி மாந்தரும் படப்போவது. இவ்விரண்டையும் இணைத்து எழுதத் தமிழில் ஆளில்லை என்றால் அது மொழியின் வறுமையன்று, நம் சோம்பல்.

காதல் பிழையா?

"தமிழ்த் திரையில் காதலுக்கா பஞ்சம்?" என்று நகைப்பாரும் உண்டு. இல்லைதான். மற்றத் தொடர்களில் காதல் வழிந்தோடுகிறது. எந்திரக் கதையில் எப்படி நடத்தப்படுகிறது என்பதே கேள்வி. 2010-இல் வந்த 'எந்திரன்' திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உரையாடலிலும் சுஜாதாவின் பங்கு உண்டு. உணர்ச்சி ஊட்டப்பெற்ற சிட்டி என்னும் எந்திரம், தன்னைப் படைத்தவனின் காதலியை விரும்புகிறது. உடனே என்ன நிகழ்கிறது? காதல் கோளாறாகிறது, கோளாறு பேரழிவாகிறது. தொலைக்காட்சியில் 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் ஓடிய 'சக்திமான்' தொடரில், செய்தியாளரான கீதா விசுவாஸ் நாயகனை நேசிக்கிறாள். அவனோ யோக நெறிக்கு உட்பட்டவன் ஆதலின் அந்நேசம் வாயிலைத் தாண்டுவதே இல்லை. ஓரிடத்தில் காதல் நோய். மற்றோரிடத்தில் காதல் தடை. இரண்டிலும் காதல் என்பது அறிவுக்கும் ஆற்றலுக்கும் பகை என்னும் எண்ணமே அடியில் கிடக்கிறது.

தமிழ் மரபு இதனை ஏற்பதில்லை. களவும் கற்பும் வாழ்வின் இலக்கணம் என்று வகுத்த மரபு இது. நிலாவின் காதலோ மணந்தவள் தன் கணவன்பால் கொண்ட கற்புக்காதல். அதனைத் திரையில் காட்டினால் பிள்ளைகள் கெடுவார்கள் என்று எவரும் கூற இயலாது. யாம் கேட்பது மழையில் நனைந்து ஆடும் காட்சியையன்று. உண்ணப் போட்ட இரண்டு தட்டுகளில் ஒன்றைத் திரும்ப எடுத்து வைக்கும் கையை. அயலானின் செருப்பை வாயிலில் கண்டு ஒரு நொடி கணவனோ என்று துடிக்கும் நெஞ்சை. தன்னைக் காப்பவனா கவிழ்ப்பவனா என்று அறியாத ரவியோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் அச்சத்தையும், அவ்வச்சத்தினூடே அவன் பரிவுக்கு நெகிழ்ந்துவிடுவோமோ என்னும் இன்னோர் அச்சத்தையும். இவையன்றோ காதலின் உண்மைக் காட்சிகள்! இவற்றிற்கு வண்ண விளக்கும் பெரும்பணமும் வேண்டியதில்லை. ஓர் அறை போதும். நல்ல நடிகை ஒருத்தி போதும். தமிழறிந்த உரையாடல் ஆசிரியர் ஒருவர் போதும்.

நமக்கு என்ன இழப்பு?

ஒரு பழைய தொடருக்காக இத்தனை ஆத்திரமா என்று அன்பர்கள் கேட்கலாம். எம் ஆத்திரம் தொடரைப் பற்றியதன்று, பிள்ளைகளைப் பற்றியது. எல்லைப்புறத்தில் வளரும் நம் பிள்ளைகள் கடையிலும் அலுவலகத்திலும் மலையாளம் பேசுகின்றனர். கணினியின் முன் ஆங்கிலம் பேசுகின்றனர். தமிழ் அவர்களுக்குப் பாட்டியின் மொழி, கோயிலின் மொழி, பொங்கல் நாளின் மொழி. அதாவது நேற்றின் மொழி. நாளைய உலகம் எத்தகையது என்று அறிய அவர்கள் பார்க்கும் கதைகளில் தமிழ் இல்லை. எப்போதோ இருந்த ஒரு கதையிலோ, தமிழ் பேசியது ஆணையையும் சதியையும் எந்திரத்தின் மதியையும். நெஞ்சத்தைப் பேசவில்லை.

எதிர்காலத்தில் தமிழில் கட்டளை இடலாம், கணக்குப் பார்க்கலாம், ஆனால் காதலிக்க முடியாது என்று ஒரு பிள்ளை எண்ணிவிட்டால், அப்பிள்ளை எதிர்காலத்திற்குத் தமிழை எடுத்துச் செல்லாது. மொழியை எவரும் சட்டத்திற்காகச் சுமப்பதில்லை. அன்பு கொண்டவரிடம் அன்பைச் சொல்வதற்காகவே சுமக்கின்றனர். நம் முன்னோர் மலையேறியபோது கொண்டுவந்த மூட்டையில் இலக்கண நூல் இருந்திருக்காது, தாலாட்டு இருந்தது.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. தமிழ்த் தொடர் எழுதும் அன்பர்கள், அறிவியல் கதை எழுதும்போது அகத்திணையை அருகில் வைத்துக்கொள்ளட்டும். நம் சங்கங்கள் பிள்ளைகளுக்கு வைக்கும் போட்டிகளில், குறளையும் சிலம்பையும் பற்றிய தலைப்புகளோடு, செவ்வாய்க்குச் சென்ற தலைவனுக்குத் தலைவி விடுக்கும் தூது போன்ற தலைப்புகளையும் கொடுக்கட்டும். நம் வீடுகளில், பிள்ளைகள் ஆங்கில விண்வெளித் தொடர் பார்க்கும்போது முகம் சுளித்து எழுந்து போகாமல், அருகில் அமர்ந்து, இங்கே நடப்பது நெய்தல், இது பாலை என்று எடுத்துச் சொல்வோமாக. ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; பிள்ளையின் விழி விரிவதைக் காண்பீர்கள்.

சுஜாதா 2008-இல் மறைந்தார். தமிழர்க்கு எதிர்காலத்தின் கதவைத் திறந்து காட்டிய கை அது. அக்கையைக் குறை கூறி எம் கட்டுரையை முடிக்க மாட்டோம். கதவைத் திறந்தவர் அவர். உள்ளே சென்று விளக்கேற்ற வேண்டியவர் பின்வந்த நாம். 2030-இல் இரவிகுளத்துச் சரிவில் குறிஞ்சி மீண்டும் பூக்கும். அதற்குள்ளாவது நிலாவைப் போன்ற ஒருத்தி தமிழ்த் திரையில் வந்து, வாயில் பார்த்து நின்று, தன் நெஞ்சைத் தமிழில் சொல்லட்டும். ஜீனோவும் அருகிருந்து கேட்கட்டும். அதற்கும் தமிழ் தெரியும்.